இரவுக் காவலுக்கு எந்தப் பேட்டரி?

வேளாண் கடன் பெற்ற வாடிக்கையாளர்கள் கிளைக்கு வரும்போது கைப்பேசியைத் திறந்து சில படங்களைக் காட்டுவது அண்மை ஆண்டுகளில் வழக்கமாகி வருகிறது. நெல்வயலில் இறங்கும் காட்டுப்பன்றிக் கூட்டம், வாழைத் தோட்டத்து வேலியருகே நிற்கும் யானை, ஆட்டுக் கொட்டகையைச் சுற்றிவரும் சிறுத்தை என அவை பெரும்பாலும் நள்ளிரவுப் படங்கள். மரத்தில் கட்டிவைக்கப்படும் தானியங்கிக் கேமராக்கள் எடுத்தவை. காட்டில் புலிகளைக் கணக்கெடுக்கப் பயன்பட்ட இந்தக் கருவி இன்று தோட்டங்களுக்கும் பண்ணைகளுக்கும் வந்துவிட்டது.

கேமராவை வாங்குவதற்குமுன் பலரும் பல நாள் விசாரிக்கின்றனர். அதனுள் போடவேண்டிய பேட்டரியையோ மளிகைக் கடையில் நின்று ஒரு நிமிடத்தில் வாங்கிவிடுகின்றனர். அந்த ஒரு நிமிட முடிவு எத்தகைய செலவில் கொண்டுபோய் விடும் என்பதை, குடகு மாவட்டக் கிளையொன்றில் பணியாற்றிய காலத்தில் நாம் நேரில் கண்டோம். அதனை முன்வைத்து, இக்கேமராக்களுக்கான பேட்டரியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இங்கு விளக்க விழைகிறோம்.

ஒரு வேலியின் கதை

குடகில் மேட்டு நிலம் காப்பித் தோட்டமாகவும் பள்ளத்தாக்கு நெல்வயலாகவும் இருப்பது இயல்பு. நம் வாடிக்கையாளர் ஒருவரின் நிலமும் அவ்வாறே அமைந்திருந்தது. வீட்டருகே ஓடை, எதிர்ப்புறம் மேட்டைத் தாண்டினால் காடு. ஆண்டுதோறும் கதிர் முற்றும் வேளையில் பன்றிகள் வயலைக் கிளறிவிடும். சூரிய மின்வேலி அமைக்கக் கடன் கேட்டு அவர் வந்தார். நிலம் முழுவதையும் சுற்றி வேலியிடப் பணம் போதாது. ஒரு பக்கத்துக்கு மட்டுமே இயலும். எந்தப் பக்கம் என்பதை ஊகத்தால் முடிவு செய்யாமல், அவர் இரண்டு கேமராக்களை வாங்கி ஓடைப் பக்கம் ஒன்றும் மேட்டுப் பக்கம் ஒன்றும் கட்டினார். முறையான செயல் என்று நாமும் பாராட்டினோம்.

செப்டம்பரில் கட்டிய கேமராக்களின் நினைவட்டைகளை டிசம்பரில் எடுத்துப் பார்த்தார். ஓடைப் பக்கத்துப் படங்களில் இரவுதோறும் பன்றிகள். மேட்டுப் பக்கத்து அட்டையில் அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தும் ஒன்றில்கூடப் பன்றி இல்லை. மயில், குரங்கு, விறகு கொண்டுசெல்லும் ஆட்கள், நாய். ஆகவே வேலி ஓடைப் பக்கம் என்று முடிவாயிற்று. ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட அக்கடனுக்குப் பரிந்துரை எழுதியவர் நாமே.

அடுத்த பருவத்தில் வேலி செம்மையாக இயங்கியது. பன்றிகள் மேட்டுப் பக்கமாக இறங்கி வயலை அழித்தன.

அவருடன் அமர்ந்து பழைய படங்களை மீண்டும் கணினியில் பார்த்தோம். இம்முறை விலங்கைத் தேடாமல், படத்தின் கீழே பதிவாகியிருந்த நாளையும் நேரத்தையும் மட்டும் பார்த்தோம். முதல் பத்தொன்பது நாட்களில் பகற்படங்களும் இருந்தன, இரவுப் படங்களும் இருந்தன. இருபதாம் நாள் தொடங்கி டிசம்பர் வரை ஒரே ஓர் இரவுப் படமும் இல்லை. கதிர் பால் பிடிக்கும் முன்பே அந்தக் கேமராவுக்கு இரவுப் பார்வை போய்விட்டது. வீட்டருகே இருந்த கேமராவுக்கு அவ்வப்போது பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். தொலைவில் இருந்ததற்கு, முதல் நாள் போட்ட மலிவான பென்சில் செல்களே கடைசிவரை இருந்தன.

கேமரா முற்றிலும் நின்றிருந்தால் அவர் ஐயுற்றிருப்பார். அது பகலில் ஒழுங்காக இயங்கியதே அவரையும் நம்மையும் ஏமாற்றியது. பாதிப் பக்கங்கள் கிழிந்த பேரேட்டை முழுமையானது என்று நம்பிக் கடன் வழங்கியதற்கு ஒப்பானது இது.

இரவில் மட்டும் ஏன் தோற்கிறது?

தானியங்கிக் கேமரா நாள் முழுவதும் உறங்கிக்கொண்டே காவல் காக்கிறது. உடலின் வெப்பம் தன் முன்னே நகர்வதை உணரும் சிறிய உணரி ஒன்று மட்டும் விழித்திருக்கும். அதற்கு வேண்டிய மின்சாரம் மிகக் குறைவு. விலங்கு கடந்தவுடன் கேமரா விழித்துப் படமெடுத்து, நினைவட்டையில் எழுதிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். பகலில் இச்செயலுக்கு மிதமான மின்சாரமே போதும்.

இரவில் நிலைமை வேறு. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உமிழும் சிறு விளக்குகள் பல ஒருசேர எரிய வேண்டும். அந்நொடியில் பேட்டரியிடமிருந்து பகற்படத்தைக் காட்டிலும் பல மடங்கு மின்னோட்டம் கேட்கப்படுகிறது. காணொளி என்றால் அவ்விளக்குகள் பத்து, இருபது நொடிகள் தொடர்ந்து எரிய வேண்டும். ஓரளவு தீர்ந்த பேட்டரி இத்திடீர்ச் சுமையைத் தாங்காது. அதன் மின்னழுத்தம் சட்டெனச் சரியும். கேமரா, பேட்டரி தீர்ந்தது என்று கருதி, படத்தை எழுதாமலே அணைந்துவிடும். அல்லது ஒளி போதாத கருநிறப் படத்தை எழுதும். சற்று நேரத்தில் மின்னழுத்தம் மீண்டுவிடுவதால், விடிந்ததும் வழக்கம்போலப் பகற்படம் எடுக்கத் தொடங்கும்.

எனவே பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதற்கேள்வி, அதில் எவ்வளவு மின்சாரம் சேமிக்கப்பட்டுள்ளது என்பதன்று. தேவைப்படும் நொடியில் அதனை விரைந்து தரவல்லதா என்பதே. வைப்புத்தொகை எவ்வளவு இருப்பினும், அவசர வேளையில் எடுக்க இயலாவிடில் பயனில்லை என்பதை நம் வாடிக்கையாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடையில் கிடைக்கும் வகைகள்

பெரும்பாலான கேமராக்கள் சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ அளவுப் பேட்டரிகளை நான்காகவோ எட்டாகவோ பன்னிரண்டாகவோ ஏற்கின்றன. தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இவற்றில் உள்ளீடு வேறுவேறு.

*துத்தநாகக் கார்பன் செல்.* மிக மலிவானது. கடிகாரத்துக்கும் தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் ஏற்றது. சிறு மின்னோட்டத்தை நெடுநாள் தரும், பெருஞ்சுமையைத் தாங்காது. தானியங்கிக் கேமராவுக்கு இது பொருந்தாது. குடகு வாடிக்கையாளர் போட்டிருந்தது இதுவே.

*ஆல்கலைன்.* 1.5 வோல்ட். எங்கும் கிடைக்கும், விலை நடுத்தரம். ஆயினும் இதன் மின்னழுத்தம் முதல் நாளிலிருந்தே படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே இரவு விளக்கின் வீச்சும் நாளடைவில் குன்றும். பெருஞ்சுமையில் இதன் கொள்ளளவு கணிசமாகக் குறையும். உள்ளே நீர் கலந்த காரக் கரைசல் இருப்பதால் கடுங்குளிரில் செயல்திறன் வெகுவாகத் தாழும். தீர்ந்தபின் கேமராவினுள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும்.

*லித்தியம், ஒருமுறை மட்டும் பயன்படுவது.* இதுவும் 1.5 வோல்ட். ஆல்கலைனைப் போலப் பல மடங்கு விலை. எடை அதில் மூன்றில் இரண்டு பங்கே. ஏறத்தாழ 3,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவைப் பெருஞ்சுமையிலும் இழக்காமல் தரும். உள்ளே நீர் இல்லாததால் சுழியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் முதல் மேலே 60 பாகை வரை இயங்கும். முடிவு நெருங்கும்வரை மின்னழுத்தம் குறையாமல் இருப்பது இதன் சிறப்பு. அதுவே ஒரு குறையும் ஆகும்: கேமராவின் பேட்டரி அளவுகாட்டி கடைசி நாள்வரை நிறைவாக இருப்பதாகவே காட்டி, பிறகு திடீரென அணைந்துவிடும். இதனை மறுமின்னேற்றம் செய்யக்கூடாது.

*நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, மறுமின்னேற்றம் செய்யத்தக்கது.* 1.2 வோல்ட். பெருஞ்சுமையை எளிதில் தாங்கும். நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றலாம். இதில் இரு பிரிவுகள் உண்டு. சாதாரண வகை, பயன்படுத்தாமல் வைத்தாலும் சில மாதங்களில் சேமிப்பின் பெரும்பகுதியை இழந்துவிடும். 2005இல் சந்தைக்கு வந்த குறைந்த தன்னிழப்பு வகை, ஓராண்டுக்குப் பின்னும் பெரும்பகுதியைத் தக்கவைத்திருக்கும். கேமராவுக்கு இரண்டாம் வகையையே வாங்க வேண்டும். உறையில் ‘முன்னரே மின்னேற்றப்பட்டது’ என்னும் பொருளில் குறிப்பு இருக்கும். எட்டு ஆல்கலைன்கள் தொடராக இணைந்தால் 12 வோல்ட் தரும் இடத்தில் இவை எட்டும் சேர்ந்து 9.6 வோல்ட்டே தரும். சில கேமராக்கள் இதனைத் ‘தீர்ந்த பேட்டரி’ என்று கொண்டு முன்கூட்டியே நின்றுவிடுகின்றன. மறுமின்னேற்ற பேட்டரியை ஏற்குமா என்பதைக் கேமராவின் கையேட்டில் பார்த்த பின்னரே வாங்குதல் நன்று.

*லித்தியம் அயனி, 1.5 வோல்ட் மறுமின்னேற்ற வகை.* அண்மையில் பரவி வருவது. உள்ளே ஒரு சிறு மின்சுற்று, 3.7 வோல்ட்டை 1.5 வோல்ட்டாகக் குறைத்துச் சீராகத் தருகிறது. குறைந்த மின்னழுத்தத்தை ஏற்காத கேமராக்களுக்கு உதவும். இதுவும் முன்னறிவிப்பின்றி அணையும். அச்சுற்று எவ்வளவு மின்னோட்டத்தைத் தரவல்லது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால், ஒரு தொகுதியை வாங்கி வீட்டருகே இரவில் சோதித்தபின் மிகுதியை வாங்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஏஏ அளவிலேயே 14500 என்ற எண்ணுடன் 3.7 வோல்ட் லித்தியம் அயனி செல்களும் விற்கப்படுகின்றன. அவற்றை எட்டாக இட்டால் 12 வோல்ட்டுக்கான கேமராவுக்குள் 29.6 வோல்ட் பாயும், கருவி கெட்டுவிடும். உருவத்தை நம்பாமல் வோல்ட் எண்ணைப் படிக்க வேண்டும்.

எண்ணுக்குமுன் அலகைப் படியுங்கள்

வட்டி விகிதத்தைப் பார்ப்பவர் அது மாதத்துக்கா ஆண்டுக்கா என்று கேட்பதுபோல, பேட்டரியின் எண்ணைப் பார்ப்பவர் அதன் அலகையும் கேட்க வேண்டும். ஒரு பேட்டரியில் 2,000 மில்லி ஆம்பியர் மணி என்றும், மற்றொன்றில் 3,000 மில்லி வாட் மணி என்றும் அச்சிட்டிருந்தால் இரண்டாவதே பெரிது என்று தோன்றும். வாட் மணியை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் மணி கிடைக்கும். 3,000ஐ 1.5ஆல் வகுத்தால் 2,000. ஆகவே இரண்டாவதன் ஆம்பியர் மணி முதலாவதற்குச் சமமே.

அடுத்து, நாளைப் பார்க்க வேண்டும். தயாரித்த மாதம் அல்லது பயன்படுத்தத்தக்க இறுதி மாதம் உறையிலோ செல்லின் மீதோ அச்சாகியிருக்கும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கு உண்மையில் மலிவானதன்று. வெயில் படும் காட்சிப் பெட்டியில் நெடுநாள் கிடந்தவற்றையும் தவிர்க்கலாம். வெப்பம் பேட்டரியின் இருப்பைக் குறைக்கும்.

மலிவு எது? ஒரு கணக்கு

ஒரு செல்லின் விலையை ஒப்பிடுவது தவறான கணக்கு. ஓராண்டுக் காவலுக்கு ஆகும் மொத்தச் செலவையே ஒப்பிட வேண்டும். அதில் பேட்டரியின் விலையோடு, அதனை மாற்றப் போய்வரும் செலவும் அடங்கும். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நாம் கொண்டவை. உங்கள் ஊர் விலையையும் உங்கள் கேமராவின் அனுபவத்தையும் அவற்றின் இடத்தில் இட்டுக்கொள்க.

எட்டு செல் கொள்ளும் ஒரு கேமரா ஆண்டுக்கு 360 இரவுகள் இயங்குவதாகக் கொள்வோம்.

ஆல்கலைன் ஒன்று 40 ரூபாய். ஒரு தொகுதி 320 ரூபாய். 60 இரவுகள் நிற்கும். ஆண்டுக்கு ஆறு மாற்றங்கள். பேட்டரிச் செலவு 1,920 ரூபாய்.

மறுமின்னேற்ற நிக்கல் வகை ஒன்று 300 ரூபாய். ஒன்று கேமராவிலும் ஒன்று மின்னேற்றியிலுமாக இரு தொகுதிகள் வேண்டும்: 4,800 ரூபாய். மின்னேற்றி 1,200 ரூபாய். மொத்தம் 6,000 ரூபாய் நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 1,500 ரூபாய். ஒரு மின்னேற்றம் 45 இரவுகள் நின்றால் ஆண்டுக்கு எட்டு மாற்றங்கள்.

லித்தியம் ஒன்று 250 ரூபாய். ஒரு தொகுதி 2,000 ரூபாய். 180 இரவுகள் நிற்கும். ஆண்டுக்கு இரு மாற்றங்கள், 4,000 ரூபாய்.

இனிப் போய்வரும் செலவைச் சேர்ப்போம். கேமரா வீட்டுக் கொல்லையிலேயே இருந்தால் அச்செலவு இல்லை: ஆல்கலைன் 1,920, நிக்கல் 1,500, லித்தியம் 4,000. மறுமின்னேற்ற வகையே சிக்கனம்.

ஒருமுறை போய்வர 300 ரூபாய் ஆகுமெனில்: ஆல்கலைன் 3,720; நிக்கல் 3,900; லித்தியம் 4,600. ஆல்கலைனும் நிக்கலும் ஏறத்தாழச் சமம்.

ஜீப்பும் ஒருநாள் கூலியுமாக 1,000 ரூபாய் ஆகுமெனில்: ஆல்கலைன் 7,920, நிக்கல் 9,500, லித்தியம் 6,000. கடையில் மிக விலையுயர்ந்ததாகத் தோன்றிய பேட்டரியே இங்கு மிக மலிவானது.

ஆகவே ஒரே உரிமையாளரின் இரு கேமராக்களுக்கு இருவேறு பேட்டரிகள் பொருத்தமாக இருக்கக்கூடும். வீட்டருகே மறுமின்னேற்ற வகை; எட்டாத மேட்டில் லித்தியம். குடகு வாடிக்கையாளர் இதற்கு நேர்மாறாகச் செய்திருந்தார். அருகே இருந்ததற்கு அடிக்கடி புதிய செல். தொலைவில் இருந்ததற்கு மலிவான செல்.

இக்கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: கேமரா காவல் காக்கத் தவறிய இரவுகளின் விலை. சில நூறு ரூபாய் மிச்சப்படுத்திய பேட்டரியால் ஒரு பருவத்து நெல்லும், தவறான பக்கத்தில் நின்ற வேலியும் இழப்பாயின. அவ்வரியையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே முழுக் கணக்கும் கிடைக்கும்.

இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப

லடாக்கிலும் இமாசலத்தின் உயர்ந்த பள்ளத்தாக்குகளிலும் ஆட்டுப்பட்டிகளைக் காப்போருக்குக் குளிர்காலத்தில் லித்தியமே துணை. விதர்பாவிலும் ராஜஸ்தானிலும் கோடைவெயில் படும் கேமராப் பெட்டியின் உட்புறம் வெளியைவிடச் சூடாகும். நிழலில் கட்டுவதே பேட்டரிக்குச் செய்யும் முதல் உதவி. மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் ஈரமே பகை. மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து இறுக மூட வேண்டும்; உள்ளே ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றை வைக்கலாம்.

பல கேமராக்களில் வெளிப் பேட்டரியை இணைக்கத் துளை இருக்கும். அவசரகால விளக்குகளில் உள்ள 6 வோல்ட், 4.5 ஆம்பியர் மணி ஈய அமிலப் பேட்டரியும், கணினிக்கான யூபிஎஸ்ஸில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியும் சிறு நகரங்களிலும் கிடைப்பவை. பல மாதங்கள் தாங்கக்கூடியவை. கேமரா எத்தனை வோல்ட் ஏற்கும், எது நேர்முனை என்பவற்றைக் கையேட்டில் உறுதிசெய்த பின்னரே இணைக்க வேண்டும். ஈய அமிலப் பேட்டரியை முற்றிலும் தீரவிட்டு அப்படியே கிடத்தினால் அது மீளாது. அதனை நீர்புகாப் பெட்டியில் வைத்து, கம்பியை எலியும் அணிலும் கடிக்காதவாறு குழாய்க்குள் இட வேண்டும்.

சூரியத் தகடு இணைந்த பேட்டரி நல்ல தீர்வாகத் தோன்றும். வெயில் நேரே விழும் வயல்வரப்பில் அது உண்மையே. காப்பித் தோட்டத்து நிழல்மரங்களின் கீழும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்திலும் அதனை நம்பியிருக்க இயலாது. சிம் அட்டை வழியே படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் கேமராக்கள் மிகுந்த மின்சாரம் உண்பவை. அலைக்கற்றை வலுக்குறைந்த இடத்தில் இன்னும் மிகுதியாக உண்ணும். அவற்றுக்கு வெளிப் பேட்டரி ஏறக்குறைய இன்றியமையாதது.

வாங்குவதைவிடச் சேமிப்பது எளிது

பேட்டரி விரைவில் தீர்வதற்குப் பெருங்காரணம் விலங்குகள் அல்ல, புல்தான். வெயிலில் சூடேறிக் காற்றில் ஆடும் புல்லையும் இலையையும் உணரி உயிரினம் என்று எண்ணிவிடும். கேமராவின் முன் சில அடி தூரம் களையெடுத்தாலே தேவையற்ற படங்கள் குறையும். கிழக்கு, மேற்கு நோக்கிக் கட்டினால் காலை, மாலை வெயில் நேரே படும். வடக்கு நோக்கிக் கட்டுவது நன்று. காணொளிக்குப் பதில் படமும், இரு படங்களுக்கிடையே ஒரு நிமிட இடைவெளியும் வைத்தால் பேட்டரி நெடுநாள் நிற்கும்.

பழைய செல்லையும் புதியதையும், ஒரு வகையையும் மறு வகையையும் கலக்கக்கூடாது. கூட்டாளிகளில் ஒருவர் முன்னதாகப் பணமின்றிப் போனால் மற்றவர்கள் அவர் சுமையையும் சுமப்பதுபோல, தீர்ந்த செல்லின் ஊடே மற்ற செல்கள் மின்னோட்டத்தை வலிந்து செலுத்தும். அது சூடேறிக் கசியும். ஒரு தொகுதியைச் சேர்த்தே போட்டு, சேர்த்தே எடுக்க வேண்டும். மறுமின்னேற்ற செல்களில் அ, ஆ எனத் தொகுதியின் அடையாளத்தை எழுதிவைத்தல் பயன்தரும். பருவம் முடிந்ததும் பேட்டரிகளைக் கழற்றிய பின்னரே கேமராவை அலமாரியில் வைக்க வேண்டும்.

கேமராவுக்கும் ஒரு வருகைப் பதிவேடு

இந்தியாவின் 2018ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு 3,48,58,623 படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் புலி இருந்தவை 76,651. பனிச்சிறுத்தைகளுக்காக 2019 முதல் 2023 வரை இமயப் பகுதியில் நடந்த கணக்கெடுப்பில் 1,971 இடங்களில் கேமராக்கள் நின்றன. அவற்றின் உழைப்பு ‘1,80,000 கேமரா இரவுகள்’ என்று கணக்கிடப்பட்டது. ஒரு கேமரா ஓர் இரவு இயங்கினால் அது ஒரு கேமரா இரவு. எத்தனை கேமராக்கள் வைத்தோம் என்பதுடன், அவை எத்தனை இரவுகள் உண்மையாக விழித்திருந்தன என்பதையும் அறிஞர்கள் எண்ணுகின்றனர். விழித்திருந்தும் விலங்கைக் காணாத இரவு வேறு, விழிக்காத இரவு வேறு.

இவ்வழக்கத்தை நாமும் கைக்கொள்ளலாம். குறித்த நேரத்தில் தானே படமெடுக்கும் அமைப்பு பல கேமராக்களில் உண்டு. இரவு ஒரு மணிக்கு ஒரு படம் என்று அமைத்துவிட்டால், விலங்கு வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வோர் இரவும் ஒரு படம் பதிவாகும். அது கேமராவின் வருகைப் பதிவேடு. அட்டையை எடுத்ததும் முதலில் அப்படங்களை எண்ணுங்கள். நாற்பது நாட்களுக்கு நாற்பது படங்கள் இருந்தால் பதிவு முழுமையானது. பத்தொன்பது மட்டும் இருந்தால், இருபதாம் நாளுக்குப் பின் ‘ஒன்றும் வரவில்லை’ என்று சொல்ல உங்களிடம் சான்று இல்லை. இவ்வமைப்பு இல்லாத கேமராவெனில், பேட்டரி மாற்றப் போகும் நாளில் பழைய பேட்டரியைக் கழற்றுமுன், இருட்டிய பின் ஒருவரைக் கேமரா முன் நடக்கச் செய்து, இரவுப் படம் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு, மூன்று முறை இவ்வாறு குறித்துவைத்தால், உங்கள் இடத்தில் ஒரு தொகுதி எத்தனை இரவுகள் நிற்கும் என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணில் நான்கில் ஒரு பங்கைக் கழித்து, அந்நாளில் மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

சில கடமைகள்

கேமராவை உங்கள் சொந்த நிலத்திலேயே, ஊரார் நடக்கும் பாதையும் அண்டை வீட்டாரின் முற்றமும் படாதவாறு கட்டுங்கள். சரணாலயத்தினுள்ளும் தேசியப் பூங்காவினுள்ளும் நுழைவதற்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வனவிலங்குகளால் ஏற்படும் சேதம் 2026 காரிஃப் பருவம் முதல் கூடுதல் காப்பாகச் சேர்க்கப்படும் என 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. சேதத்தை 72 மணி நேரத்துக்குள், இடக்குறியுடன் கூடிய புகைப்படங்களுடன் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் தெரிவிக்க வேண்டும். உங்கள் மாநிலமும் பயிரும் அதில் அடங்குமா என்பதைக் கிளையில் கேட்டறிக. தானியங்கிக் கேமராவின் படம் அப்புகைப்படத்துக்கு மாற்றாகாது. எந்த விலங்கு, எந்த இரவில், எப்பக்கமாக வந்தது என்று அறிய உதவும்.

தீர்ந்த பேட்டரிகளை வீட்டுக் குப்பையுடன் சேர்க்கவும் வயலில் எறியவும் கூடாது. 2022ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி எல்லா வகைப் பேட்டரிகளையும் தனியே பிரித்து, திரட்டும் மையத்திலோ மறுசுழற்சி செய்வோரிடமோ சேர்ப்பிக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குப்பியில் சேர்த்துவைத்து நகரத்துக்குப் போகும்போது ஒப்படைப்பது எளிய வழி.

குடகு வாடிக்கையாளர் அதன்பின் மேட்டுப் பக்கக் கேமராவுக்கு லித்தியம் பேட்டரி போட்டார். இரவு ஒரு மணிப் படத்தையும் அமைத்துக்கொண்டார். வேலியின் ஒரு பகுதியை ஓடைப் பக்கமிருந்து கழற்றி மேட்டுக்கு மாற்றும் செலவுக்காகக் கிளைக்கு மீண்டும் வந்தபோது, அவர் கையில் ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. அதில் நாள்தோறும் இரண்டு பத்திகள்: கேமரா விழித்திருந்ததா, பன்றி வந்ததா. இரண்டாம் பத்தியைப் படிக்குமுன் முதல் பத்தியைப் படித்துவிட்டு, இம்முறை நாம் பரிந்துரை எழுதினோம்.